துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு

அரிவாள்மனை சொன்ன பாடம்

அம்மா வாழைக்காய் நறுக்குகிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

"அம்மா, உன் விரல் எல்லாம் கருப்பா இருக்கே!"

"வாழைக்காய்க் கறைடி. இரும்பு அரிவாள்மனை இல்லையா? அப்படித்தான் ஆகும்."

"நேத்து எவர்சில்வர் கத்தியில நறுக்கினியே. இவ்வளவு கருப்பு வரலையே?"

அம்மா சிரித்தார். "ஆமாம், வரலை. ஏன்னு எனக்குத் தெரியாது. நீதான் படிக்கிற பிள்ளை. படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லு."

நம் எல்லார் வீட்டிலும் இது நடக்கிறது. நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்குங்கள். வெட்டிய இடம் கருநீலமாகும். கருவேல மரத்தில் அடித்த இரும்பு ஆணியைப் பாருங்கள். மழையில் நனைந்தால் ஆணியைச் சுற்றி மை ஊற்றியது போல் கருப்பு வட்டம் தெரியும்.

இந்தக் கருப்பை வைத்தே நம் முன்னோர் மை காய்ச்சினார்கள். துணிக்கு நிறம் ஏற்றினார்கள். கடைசல் தொழிலாளர்கள் இன்று இதே கருப்பைக் கொண்டு மரப் பேனா செய்கிறார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

மூன்றும் கூடினால்தான் கருப்பு

கருப்பு பிறக்க மூன்று பொருள்கள் கூட வேண்டும்.

முதல் பொருள் துவர்ப்பு. கடுக்காயை வாயில் போட்டால் நாக்கு சுருங்குகிறது அல்லவா? அப்படிச் சுருங்க வைக்கும் சத்துக்கு டானின் என்று பெயர். வாழைக்காய், நெல்லிக்காய், கடுக்காய், தேயிலை, கருவேலம்பட்டை எல்லாவற்றிலும் டானின் உண்டு.

இரண்டாவது பொருள் இரும்பு. ஆனால் கெட்டியான இரும்பு உதவாது. அது கொஞ்சமாவது கரைந்திருக்க வேண்டும். புளிப்பு பட்டால் இரும்பு கரையும். வினிகரில் போட்டாலும் கரையும். எவர்சில்வர் எளிதில் கரையாது. அதனால்தான் எவர்சில்வர் கத்தி கருப்பைத் தரவில்லை.

மூன்றாவது பொருள் காற்று. கரைந்த இரும்பும் டானினும் சேர்ந்தவுடன் நிறம் முழுதாக வருவதில்லை. முதலில் வெளிறிய சாம்பல் நிறம் வரும். காற்றுப் படப்பட அது கருத்துக்கொண்டே போகும்.

இப்படிப் பிறந்த கருப்பு தண்ணீரில் கரையாது. சாதாரணச் சாயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். சாயம் வெளியிலிருந்து வந்து மரத்தின் மேல் ஒட்டுகிறது. இந்தக் கருப்போ மரத்தின் நாருக்குள்ளேயே பிறக்கிறது.

மையும் இதே வழிதான்

கைக்குழந்தை உள்ள வீட்டில் பாட்டி உரை மருந்து உரைப்பார். வசம்பு, சுக்கு, கடுக்காய் இவற்றுடன் மாசிக்காயும் இருக்கும். மாசிக்காய் உண்மையில் ஒரு காய் அல்ல. ஒரு சிறு குளவி ஓக் என்ற மரத்தின் இளங்கிளையில் முட்டை இடுகிறது. முட்டை இட்ட இடம் உருண்டையாக வீங்குகிறது. அந்த வீக்கம்தான் மாசிக்காய். அதில் டானின் மிக அதிகம்.

ஓக் மரத்தை நம்மில் பலர் பார்த்ததில்லை. ஆனால் அந்த மரம் தந்த மாசிக்காய் நாட்டு மருந்துக் கடை வழியாக நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது!

ஐரோப்பாவில் மாசிக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை செய்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பத்திரமும் புத்தகமும் இந்த மையில்தான் எழுதப்பட்டன. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை காய்ச்சினார்கள்.

துணியிலும் இதே வேலை நடக்கிறது. தஞ்சைப் பகுதியில் கருப்பூர் கலம்காரி புகழ்பெற்றது. 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கலம் என்றால் பேனா. கலம்காரி என்றால் பேனாவால் செய்யும் வேலை. துணியை முதலில் கடுக்காய் நீரில் நனைத்துக் காய வைப்பார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப் போடுவார்கள். தண்ணீர் புளிக்கும். இரும்பு கரையும். மூங்கில் கலத்தை அந்த நீரில் தொட்டுத் துணியில் கோடு இழுத்தால், கோடு கருப்பாகும்.

டாக்குரியாவுக்கு அடுத்த நிலையம்

மை என்றவுடன் கொல்கத்தா நினைவுக்கு வரும். முன்பு நாம் கல்கத்தா என்று சொன்ன ஊர்தான் அது. ஊரின் தென்பகுதியில் டாக்குரியா இருக்கிறது. சீல்டாவிலிருந்து தெற்கே போகும் ரயில் அங்கே நிற்கும். அடுத்த நிலையம் ஜாதவ்பூர். ஜாதவ்பூரில் ஒரு சாலைச் சந்திப்புக்கு சுலேகா என்று பெயர். ஒரு மைத் தொழிற்சாலையால் வந்த பெயர் அது.

விடுதலைப் போராட்டக் காலம். அந்நியப் பொருளை வாங்கக் கூடாது என்று மக்கள் உறுதி எடுத்தார்கள். ஆனால் அந்த உறுதியை எழுதுவதற்கே அந்நிய மை தேவைப்பட்டது! உள்நாட்டில் மை செய்ய முடியாதா என்று காந்தியடிகள் கேட்டார். வங்காளத்தைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா ஒரு மை தயாரித்துக் காட்டினார். அந்த வழியில் மைத்ரா சகோதரர்கள் 1934-ல் ராஜ்ஷாஹி என்ற ஊரில் மைத் தொழிலைத் தொடங்கினார்கள். ராஜ்ஷாஹி இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. தங்கள் மைக்கு அவர்கள் வைத்த பெயர் சுலேகா. நல்ல எழுத்து என்று பொருள். பிறகு தொழில் கொல்கத்தாவுக்கு வந்தது. ஜாதவ்பூரில் வளர்ந்தது.

பால்பாயிண்ட் பேனா வந்தது. மைப் புட்டிக்கு வேலை குறைந்தது. 1980-களின் இறுதியில் தொழிற்சாலை மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் திறந்தது. 2020-ல் சுலேகா மை மறுபடியும் கடைக்கு வந்தது.

பேனாவுக்கும் இதே போன்ற கதை உண்டு. ஆந்திராவில் ராஜமுந்திரி என்ற ஊர். அங்கே ரத்னம் என்பவர் 1930-களில் உள்நாட்டுப் பேனா செய்தார். அதைக் காந்தியடிகளுக்கு அனுப்பினார். காந்தியடிகள் அதில் எழுதிப் பார்த்தார். பேனா நன்றாக இருக்கிறது என்று 1935-ல் அவருக்குக் கடிதம் எழுதினார்.

பேனா ஏன் கருப்பு?

ராஜமுந்திரிப் பேனா எபோனைட் என்ற பொருளில் கடைந்தது. எபோனைட் என்பது கெட்டியான ரப்பர். ரப்பருடன் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் அது கொம்பு போல் கெட்டியாகும். அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் என்பவர் 1851-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருப்பாகப் பளபளப்பதால் எபனி மரத்தின் பெயரை ஒட்டி எபோனைட் என்றார்கள்.

எபனி என்பது நம் கருங்காலி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம். மரம் முழுவதும் கருப்பாக இருக்காது. உள்ளே இருக்கும் வைரம்தான் கருப்பு. அந்த வைரம் பாய நெடுங்காலம் ஆகும். கருங்காலி மிக மெதுவாக வளரும். வெட்டிய வேகத்தில் மீண்டும் வளராது. அதனால் இன்று அது அரிதாகிவிட்டது. விலையும் அதிகம்.

எனவே வேறு மரத்தைக் கருங்காலி போல் கருப்பாக்கும் வழியை மேல்நாட்டுக் கைவினைஞர்கள் கண்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஓக் மரம். மாசிக்காயில் மட்டுமல்ல, ஓக் கட்டையிலும் டானின் நிறைய உண்டு. இரும்பு கரைந்த வினிகரை அதன் மேல் தடவினால் சில நிமிடங்களில் கருப்பாகும்.

இயற்கையும் இதே வேலையைச் செய்திருக்கிறது. ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் ஓக் மரங்கள் விழுந்து புதைந்தன. சேற்று நீரில் இருந்த இரும்பு அவற்றுக்குள் ஊறியது. பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்தால் கட்டை கருப்பாக இருக்கிறது. அந்தக் கட்டையிலும் பேனா கடைகிறார்கள். சேறு பல ஆயிரம் ஆண்டுகளில் செய்ததை வினிகர் ஒரு மாலையில் செய்கிறது. ஆனால் சேறு கட்டையின் உள் வரை கருப்பாக்கியது. வினிகர் மேல்பரப்பை மட்டுமே கருப்பாக்கும். இதை மறக்கக் கூடாது.

நமக்கு எந்த மரம்?

நம் நாட்டில் இமயமலைச் சரிவிலும் டார்ஜீலிங் மலையிலும் ஓக் வகைகள் வளர்கின்றன. தமிழ்நாட்டுக் கடைசல் பட்டறையில் ஓக் கிடைப்பது அரிது. கவலை வேண்டாம். நம் கருவேல மரத்தில் டானின் உண்டு. மருத மரத்திலும் உண்டு. பேனாவுக்குச் சிறு துண்டு போதும். பெரிய வேலையில் மிஞ்சிய கட்டையே உதவும்.

டானின் குறைந்த மரம்தான் கிடைத்ததா? அதற்கும் வழி இருக்கிறது. கலம்காரித் துணிக்குச் செய்வதைக் கட்டைக்கும் செய்யலாம். முதலில் கடுக்காய் நீர் தடவ வேண்டும். அது காய்ந்த பிறகு இரும்பு நீர் தடவ வேண்டும். மரத்தில் இல்லாத துவர்ப்பைக் கடுக்காய் தந்துவிடும்.

செய்முறை

1. இரும்பு நீர்: ஒரு கைப்பிடி இரும்புச் சுருள் எடுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் கிடைக்கும். துருப்பிடித்த ஆணியும் உதவும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் வேண்டாம். வெள்ளையாகப் பூச்சுப் பூசிய ஆணியும் வேண்டாம். கண்ணாடிச் சாடியில் இரும்பைப் போட்டு அரை லிட்டர் வினிகர் ஊற்றுங்கள். மெல்லிய சுருள் என்றால் இரண்டு மூன்று நாள் போதும். ஆணி என்றால் ஒரு வாரம் ஆகும். பிறகு துணியில் வடிகட்டுங்கள்.

2. கடுக்காய் நீர்: கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 50 கிராம் எடுத்து இடியுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் வடிகட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம் அல்லது மண்சட்டியில் கொதிக்க வையுங்கள். இரும்புச் சட்டி கூடாது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!

3. கடைசல்: பேனாக் கட்டையின் நடுவில் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டிக் கடைசல் பிடிக்க வேண்டும். உருவம் முழுதாக முடிந்த பிறகே கருப்பு ஏற்ற வேண்டும். கருப்பு ஏற்றிய பிறகு உளி வைத்தால் உள்ளே இருக்கும் பழைய நிறம் வெளியே தெரியும்.

4. வழவழப்பு: உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். ஈரத் துணியால் ஒருமுறை துடையுங்கள். மரத்தின் நார் எழுந்து நிற்கும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் மறுபடியும் தேயுங்கள். இப்படிச் செய்தால் பிறகு இரும்பு நீர் பட்டாலும் மரம் சொரசொரப்பாகாது.

5. கருப்பு ஏற்றுதல்: கடுக்காய் நீரைத் துணியால் தடவுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு இரும்பு நீரைத் தடவுங்கள். கட்டை கண்ணெதிரே கருப்பாகும். கட்டையை நீரில் முக்க வேண்டாம். பேனாவில் மரம் மிக மெல்லியது. ஈரம் அதிகமானால் மரம் ஊதி வெடிக்கும். வினிகர் பித்தளைக் குழாயையும் அரிக்கும். எனவே இரண்டு முனைகளிலும் ஈரம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. முடிப்பு: காய்ந்ததும் மறுபடியும் ஒருமுறை கடுக்காய் நீர் தடவுங்கள். மிச்சமிருக்கும் இரும்பை அது பிடித்துக்கொள்ளும். பிறகு ஈரத் துணியால் துடைத்து ஓர் இரவு காய விடுங்கள்.

7. சோதனை: வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பேனாவை அழுத்தித் தேயுங்கள். துணியில் கருப்பு ஏறுகிறதா? அப்படியானால் வேலை முடியவில்லை. மறுபடியும் துடைத்துக் காய விடுங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் பிரெஞ்சு பாலிஷ் போடலாம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. கடைசியில் தேன்மெழுகு தடவித் தேய்த்தால் மினுமினுப்பு வரும்.

ஏழாவது படியைச் சிலர் விட்டுவிடுவார்கள். அதனால் வரும் நட்டம் பெரிது. பேனா எங்கே இருக்கும்? சட்டைப் பையில் இருக்கும். வியர்வை படும் கையில் இருக்கும். சட்டையில் ஒரு கருப்புக் கறை ஏறினால் போதும். வாங்கியவர் மறுபடியும் அந்தக் கடைக்கு வரமாட்டார். ஒருநாள் காத்திருந்தால் அந்தப் பெயர் கெடாது.

கவனம் தேவை

இரும்பு வினிகரில் கரையும்போது ஒரு வாயு வரும். அதற்கு ஹைட்ரஜன் என்று பெயர். அது தீப்பிடிக்கும். எனவே சாடியை இறுக மூடாதீர்கள். துணியால் வாய் கட்டினால் போதும். அடுப்பு, பீடி, விளக்கு அருகில் வைக்காதீர்கள்.

தண்ணீர் பாட்டிலில் இரும்பு நீரை ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் தெரியாமல் குடித்துவிடுவார்கள். சாடியின் மேல் பெரிய எழுத்தில் "இரும்பு நீர் - குடிக்காதே" என்று எழுதி ஒட்டுங்கள்.

ரப்பர் கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் அம்மாவின் விரல் போல் உங்கள் விரலும் பல நாள் கருப்பாக இருக்கும். கடைசல் எந்திரம் ஓடும்போது புடவைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, விரித்த கூந்தல் எதுவும் ஆபத்துதான். இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு.

இரும்பு நீரையும் கடுக்காய் நீரையும் கலந்து மைப் பேனாவில் ஊற்றிப் பார்க்கலாமா? கூடாது. அந்த மை பேனாவுக்குள் படிந்து அடைத்துவிடும். உலோக முள்ளையும் அரிக்கும். எழுத ஆசையாக இருந்தால் மூங்கில் குச்சியைச் சீவித் தொட்டு எழுதிப் பாருங்கள். எழுதும்போது வெளிறித் தெரியும். காயக் காயக் கருப்பாகும்.

பெயர்ச் சீட்டில் என்ன எழுதுவது?

கடைசல் தொழிலாளி ஒருவர் காலம் காலமாகக் கட்டில் கால் கடைகிறார். தொட்டில் கம்பு கடைகிறார். ஒரு கட்டில் காலுக்கு ஆகும் மரத்தில் பல பேனா கடையலாம். மரச் செலவு குறைவு. கைவேலை அதிகம். கைவேலைக்குத்தான் விலை. நன்றாகச் செய்த மரப் பேனாவைப் பரிசாகக் கொடுக்கப் பலர் விரும்புகிறார்கள்.

மீண்டும் டாக்குரியாவுக்குப் போவோம். அங்கே பாலத்துக்கு அருகில் தட்சிணாபண் என்ற கடை வளாகம் உண்டு. பல மாநிலங்களின் கைவினைப் பொருள் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. இப்படிப்பட்ட கடைக்கு வருபவர் என்ன செய்வார்? பொருளைக் கையில் எடுப்பார். புரட்டிப் பார்ப்பார். ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைப் படிப்பார். செய்தவர் அங்கே இருக்கமாட்டார். அவருக்காகப் பேசுவது அந்தச் சீட்டு மட்டுமே.

அந்தச் சீட்டில் என்ன எழுதுவது? இங்கேதான் ஒரு சபலம் வரும். பேனா கருங்காலி போலவே கருப்பாக இருக்கிறது. கருங்காலி என்று எழுதினால் விலை கூடக் கிடைக்கும். யாருக்குத் தெரியப் போகிறது?

தெரிந்துவிடும். பேனா கீழே விழுந்து ஓர் ஓரம் உடைந்தால் போதும். உள்ளே கருவேலத்தின் நிறம் தெரியும். அண்மை ஆண்டுகளில் கருங்காலி மாலைக்குப் பெரிய மோகம் வந்தது. சாயம் ஏற்றிய மரத்தையும் கருங்காலி என்று சிலர் விற்றார்கள். இன்று உண்மையான கருங்காலி விற்பவரையும் மக்கள் சந்தேகத்துடன் பார்க்கிறார்கள். ஒருவர் சொன்ன பொய்க்குப் பலர் விலை கொடுக்கிறார்கள்.

எனவே உள்ளதை எழுதலாம். "கருவேலம். கடுக்காயும் இரும்பும் கொண்டு கருப்பு ஏற்றியது. கையால் கடைந்தது." இந்த மூன்று வரி போதும். இதில் பொய் இல்லை. கேட்பவருக்குச் சொல்ல ஒரு நல்ல கதையும் இருக்கிறது. கருங்காலி மரம் வெட்டப்படவில்லை என்ற நிம்மதியும் வாங்குபவருக்குக் கிடைக்கும்.

ஒரு காலத்தில் நம்மில் பலர் கருப்பு மையைக் கட்டைவிரலில் தடவினோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே உருட்டினோம். இன்று அதே கையால் பெயர்ச் சீட்டு எழுதுகிறோம். எழுதுவதை உண்மையாக எழுதுவோம்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. எவர்சில்வர் கத்தியில் வாழைக்காய் நறுக்கினால் கருப்பு ஏன் குறைவாக வருகிறது?

2. மாசிக்காய் எப்படி உண்டாகிறது?

3. இரும்பு நீர் ஊறும் சாடியை ஏன் இறுக மூடக் கூடாது?

4. கருப்பு ஏற்றிய பிறகு ஏன் உளி வைக்கக் கூடாது?

5. சுலேகா என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

செய்து பாருங்கள்

ஒரு தம்ளரில் ஆறிய கடுந்தேநீர் எடுங்கள். பால், சர்க்கரை வேண்டாம். அதில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போடுங்கள். சில துளி வினிகர் விடுங்கள். மறுநாள் பாருங்கள். நிறம் என்ன ஆயிற்று? ஏன் என்று பக்கத்து வீட்டாருக்கு விளக்குங்கள். தேநீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

உங்கள் ஊரில் கடைசல் பட்டறை இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். என்னென்ன மரம் அங்கே மிஞ்சிக் கிடக்கிறது என்று கேட்டு, பட்டியலாக எழுதுங்கள்.